கல்லதரில் ஒரு மலிவு மிதிவண்டி

மலைத்தடங்களில் ஓட்டுவதற்கென்று செய்யப்படும் மிதிவண்டிகளில் பெரும்பான்மையானவற்றை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். முன்சக்கரத்துக்கு மட்டும் அதிர்வுதாங்கி உடையது ஒன்று. இரு சக்கரங்களுக்கும் உடையது மற்றொன்று. முன்னதற்கு ஹார்ட்டெயில் என்று பெயர். வன்வால் என்று மொழிபெயர்த்தால் ஏதோ உடும்பினத்துப் பிராணியை நினைவூட்டும் என்பதால், எங்களுள் ஒருவர் தமிழ் கற்பிப்பவராக இருந்தும், நாங்கள் ஹார்ட்டெயில் என்றே வழங்கி வருகிறோம். எங்கள் மூவரிடமும் இருப்பவை அவ்வகை வண்டிகளே. ரூ.20,000-க்கும் ரூ.30,000-க்கும் இடைப்பட்ட விலையில் வாங்கியவை. இருபுறமும் அதிர்வுதாங்கி பொருந்திய, நம்பத்தக்க வண்டி வேண்டுமானால் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். ஏழு ஆண்டுகளாக இந்த விலை வேறுபாடு எங்கள் உரையாடலில் ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. சென்ற ஆண்டில்தான் அது மெய்யான கேள்வியாயிற்று. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையே எங்கள் களம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், மக்கள் குட்டியானை என்றழைக்கும் சிறு சரக்கு வண்டியில் மூன்று மிதிவண்டிகளையும் கிடத்திக் கட்டி, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் மலைச்சாலையில் விடியுமுன் ஏறிவிடுவோம். காப்புக்காட்டுக்குள் நுழைவதில்லை. ஊருக்கும் ஊருக்கும் இடையே சாமைக் கொல்லைகளின் ஓரமாகவும் பலா மரங்களின் அடியிலும் ஓடைகளைக் குறுக்கிட்டும் செல்லும் ஒற்றையடிப் பாதைகளும் பழைய மாட்டுவண்டித் தடங்களுமே எங்களுக்குப் போதுமானவை. அவ்வூர்களில் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். இங்கு அச்சொல் மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளுடையது. கேரளத்தோடு அதற்கு உறவில்லை. பேருந்து போகும் சாலைக்கு வரவும், கொல்லைக்குப் போகவும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவும் அவர்கள் கால்கள் அழுத்தி அழுத்தி உண்டானவை இப்பாதைகள்.

தமிழிலக்கியம் பயின்றவர்களுக்கு இந்நிலப்பகுதி முன்பே அறிமுகமானது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடப்பெற்ற நன்னனின் தலைநகரம் இம்மலையின் அடிவாரத்தையொட்டிய இன்றைய செங்கம் என்பர். அப்பாட்டில் வரும் நவிரமலை பர்வதமலை என்பர். 583 அடிகள் கொண்ட அந்நூலில் பெரும்பகுதி, மலைவழியில் செல்லும் கூத்தருக்குக் கூறும் எச்சரிக்கைகளாகவே அமைந்திருக்கிறது. பாம்பு உறையும் குழிகள் எங்கே, பாறை வழுக்குமிடம் எது, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல்லிலிருந்து ஒதுங்குவது எப்படி, பாதை பிரியுமிடத்தில் பின்வருவோர்க்குப் புல்லை முடிந்து அடையாளம் வைக்க வேண்டியது ஏன் என்றெல்லாம் பெருங்கௌசிகனார் சொல்லிக்கொண்டே போகிறார். கல் நிறைந்த அரிய வழிக்கு அதர் என்றும், பாதை பிரியுமிடத்துக்குக் கவலை என்றும் பழந்தமிழில் பெயர் உண்டு. பலா மரத்தடியில் தடம் இரண்டாகப் பிரியும் ஓரிடத்தில், எப்பக்கம் திரும்புவதென்று அறியாமல் மூவரும் மிதியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றபோதுதான், கவலை என்ற சொல்லின் பழம்பொருளும் இன்றைய பொருளும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பது எங்களுக்கு விளங்கியது.

இனி வண்டிக்கு வருவோம். பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால், அது ஏறும் ஒவ்வொரு கல்லும் நேராக ஓட்டுபவரின் உடலுக்கு வந்து சேரும். அதைத் தாங்க வேண்டிய பொறுப்பு முழங்காலுக்கும் முழங்கைக்கும் உரியது. ஆகையால் இறக்கத்தில் சீட்டில் அமர்ந்து வருபவர் நெடுந்தூரம் வரமாட்டார். சீட்டைக் கைப்பிடி அளவு தாழ்த்திவிட்டு, இரு மிதிகளையும் தரைக்கு இணையாக நிறுத்தி, அவற்றின்மேல் எழுந்து நிற்க வேண்டும். முழங்கால்கள் மடங்கியும் இடுப்பு சற்றுப் பின்தள்ளியும் இருக்கும். உடலின் பாரம் பாதங்களில் இறங்கியிருக்க வேண்டும். கைகள் ஹேண்டில்பாரைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கைகளை இறுக்கினால் முன்சக்கரம் கல்லைக் கண்டு மிரண்ட குதிரைபோல் திரும்பிக்கொள்ளும். பார்வை, போக விரும்பும் இடத்தில் பதிய வேண்டும். தவிர்க்க விரும்பும் கல்லில் பதிந்தால் வண்டி அக்கல்லையே தேடிச் சென்று மோதும். இதற்கு என்ன உளவியல் காரணமோ, ஓட்டிய ஒவ்வொருவருக்கும் இது அனுபவம்.

பிரேக் பிடிப்பதும் ஒரு தனிக் கல்வி. இறக்கத்தில் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கு உரியது. சமவெளியில் பின்பிரேக்கையே பிடித்துப் பழகியவர்கள் அதை நம்ப அஞ்சுவர். ஆனால் சரளைமேல் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி காலடியிலிருந்து உருவியதுபோல் சரிந்துவிடும் என்பதும் உண்மை. எனவே கெட்டியான மண்ணிலும் சொரசொரப்பான பாறையிலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சரளையில் விரலைத் தளர்த்திவிட வேண்டும். பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டே இறங்குவது பார்ப்பதற்கு வீரமாகத் தோன்றலாம். அவ்வாறு இழுத்த கோட்டில் மழைநீர் இறங்கும். அடுத்த ஐப்பசியில் அங்கே முழங்கால் அளவு பள்ளம் விழுந்திருக்கும். பாதை எங்களுடையதன்று என்பதால் அவ்வாறு இறங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தோம்.

நாங்கள் மிகுதியும் இறங்கிப் பழகிய சரிவு ஒன்று உண்டு. நீளம் முந்நூறு மீட்டர் இருக்கும். பத்தடி முன்னே சென்றால் ஒன்றரை அடி கீழே இறங்கும். அதிலுள்ள கற்களுக்கெல்லாம் நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். தடத்தின் நடுவே அமர்ந்துகொண்டு யாரையும் எளிதில் போகவிடாத ஒன்றுக்குத் தாசில்தார் என்று பெயர். அடுத்தடுத்து மூன்று படிகளாக இறங்குபவை மூன்று தம்பிகள். வழவழத்த நீண்ட பாறைத் தகடு எருமைநாக்கு. காலைப் பனி அதன்மேல் இருக்கும்வரை யாரும் அதில் ஏறமாட்டோம். எருமைநாக்குக்கு அடுத்து உண்ணிச்செடிப் புதர் இருபுறமும் அடர்ந்த ஒரு வளைவு. ஹார்ட்டெயிலில் இச்சரிவை இறங்க இரண்டு நிமிடம் பிடிக்கும். மூன்றாம் தம்பியிடம் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அதைத் தாண்டும் ஆற்றல் இரண்டாமாண்டிலேயே எங்களுள் ஒருவருக்கு வந்துவிட்டது. ஆயினும் அவரும் இறங்கியே வருகிறார். அவர் தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர். மணிக்கட்டு முறிந்தால் இரண்டு மாத ஊதியம் போய்விடும்.

ஏற்றத்தில் நிலைமை வேறு. முன்னே 22 பல், பின்னே 34 பல் என்ற மிகச்சிறிய கியரில், 26 அங்குலச் சக்கரம் கொண்ட வண்டி, மிதியின் ஒரு முழுச்சுற்றுக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர் முன்னேறும். நடப்பவர் இரண்டடி வைக்கும் தூரந்தான். அவ்வேகத்தில் சமநிலை காப்பதே பெரும்பாடு. சீட்டின் முனையில் அமர்ந்து மார்பைத் தாழ்த்தினால் முன்சக்கரம் தூக்காது. மிகவும் தாழ்த்தினால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து வெறுமனே சுழலும். இரண்டுக்கும் இடையில் நான்கு விரற்கடை இடந்தான் உண்டு. இங்கே ஹார்ட்டெயிலின் இறுக்கம் நன்மையாகிறது. மிதித்த ஆற்றல் எந்தச் சுருள்வில்லிலும் தங்காமல் சக்கரத்துக்குப் போய்விடும். கொல்லையில் களையெடுப்பவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். மூச்சு வாங்குவதால் நாங்கள் தலையை மட்டும் அசைப்போம்.

மலிவு வண்டியின் குறைகளை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. எங்கள் வண்டிகளின் முன்பக்கத்தில் இருப்பது வெறும் சுருள்வில். அது அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். வாங்கியதை அதே வேகத்தில் திருப்பிக் கொடுக்கவும் செய்யும். விலையுயர்ந்தவற்றில் அவ்வாற்றலை எண்ணெயின் உராய்வில் வெப்பமாக மாற்றித் தணிக்கும் அமைப்பு இருக்கிறது என்று எங்களுள் இயற்பியல் கற்பிப்பவர் கூறுவார். மூன்று தம்பிகளில் முதல்வன் அமுக்கிய வில் இரண்டாமவனிடம் எகிறும். அந்த எகிறலோடு மூன்றாமவனிடம் போய்ச் சேர்வோம். நாங்கள் அங்கே இறங்கித் தள்ளுவதற்குக் கூச்சத்தைவிட இயற்பியலே காரணம். இரண்டாவது, முன் ஃபோர்க் செங்குத்தாக இருப்பது. தரையோடு அது 70 பாகைக்குக் குறையாத கோணத்தில் நிற்கிறது. இன்றைய மலைத்தட வண்டிகளில் 65 பாகை அளவுக்குச் சாய்ந்திருக்கும். செங்குத்தான இறக்கத்தில் உடலின் பாரம் முன்சக்கரத்தைத் தாண்டிவிடும் இடர் எங்கள் வண்டிகளில் மிகுதி.

மூன்றாவது குறை வெளியில் தெரியாதது. மலிவு வண்டிகளில் பின்சக்கரத்துப் பற்சக்கரங்கள் திருகிப் பொருத்தும் ஃப்ரீவீலாக இருக்கும். அதற்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கத்துப் பேரிங் உள்ளே தள்ளி அமைந்து, அச்சின் ஒரு நீண்ட பகுதி தாங்குதல் இன்றி நிற்கிறது. கல்லில் இறங்கும்போதெல்லாம் வளைவது அந்த இடமே. எங்கள் மூன்று வண்டிகளிலும் சேர்த்து இதுவரை நான்கு அச்சுகள் வளைந்திருக்கின்றன. விலை கூடியவற்றில் பேரிங் வெளிமுனை வரை வந்துவிடுவதால் இத்தொல்லை இல்லை. இக்காரணத்தால் மலிவு வண்டியில் குதித்தல் கூடாது. சட்டத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டும் அதையே சொல்கிறது.

இவ்வளவு குறையுள்ளதை விட்டு, அதே விலைக்கோ அதைவிடக் குறைவாகவோ கிடைக்கும் இருபுறச் சுருள்வில் வண்டிகளை வாங்கலாகாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஆகாது என்பதே எங்கள் விடை. குறைந்த விலைக்குள் இன்னொரு வில்லும் அசையும் மூட்டுகளும் வைக்க வேண்டுமானால், பிரேக்கிலும் சக்கரத்திலும் பற்சக்கரத்திலும் கைவைத்தாக வேண்டும். அத்தகைய வண்டி எடை மிகுந்து, ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் ஊஞ்சலாடும். மூட்டுகள் தேய்ந்து பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். குறைந்த பணத்தில் வாங்குவோர்க்கு ஹார்ட்டெயிலே தக்கது. உறுப்புகள் குறைவு, கெடுவதும் குறைவு.

சிக்கனம் கூடாத இடங்களும் உண்டு. தலைக்கவசம், பிரேக், டயர் ஆகிய மூன்றும் அவை. வண்டியோடு வந்த டயர்கள் தார்ச்சாலைக்கு உகந்தவை. அவற்றைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் தடித்த பற்களுடைய, இரண்டேகால் அங்குல அகலமுள்ளவற்றை மாட்டினோம். காற்றையும் குறைத்தோம். எழுபது கிலோ எடையுள்ளவர் 30 பி.எஸ்.ஐ. அளவில் ஓட்டினால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும். அதற்கும் கீழே இறங்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளைகள் விழும். மலைபடுகடாம் எச்சரித்த பாம்புகளில் இதுவரை எங்களைத் தீண்டியது இது ஒன்றுதான்.

சக்கரம் நெளிந்தால் எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டுபோவோம். அவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு சுண்ணக்கட்டியை ரிம்முக்கு அருகே பிடிப்பார். கட்டி உரசிய இடத்தில் கம்பிகளை ஒரு பக்கம் முறுக்கியும் மறுபக்கம் தளர்த்தியும் நேராக்குவார். அதற்குக் கோட்டம் எடுத்தல் என்று பெயர். நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆண்ட அதே கோட்டந்தான். வகுப்பறையில் அச்சொல்லுக்குப் பொருள் கூறி விளக்க வேண்டியிருக்கிறது. சைக்கிள் கடையில் அது நாள்தோறும் புழங்குகிறது.

எங்கள் வண்டிகளைக் குறைத்துப் பேசும்போதெல்லாம் ஓவிய ஆசிரியர் இவ்விளையாட்டின் தொடக்கத்தை நினைவூட்டுவார். 1976 அக்டோபர் 21 அன்று, கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரையடுத்த மலைத்தடமொன்றில் சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள் ஓர் இறக்கப் போட்டி நடத்தினர். சுமார் இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் பாதை அது. அவர்கள் ஓட்டியவை முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் செய்யப்பட்ட, பருத்த டயர் கொண்ட பழைய வண்டிகள். பெரும்பாலும் குப்பையிலிருந்து மீட்டவை. அவற்றில் முன்னும் அதிர்வுதாங்கி இல்லை, பின்னும் இல்லை. பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், இறக்கத்தின் வெப்பத்தில் உள்ளிருக்கும் கிரீஸைப் புகையாக்கிவிடும். கீழே வந்ததும் அச்சைப் பிரித்துப் புதிய கிரீஸை அடைக்க வேண்டியிருந்ததால் அப்பாதைக்கே ரீபேக், அதாவது மறுபடி அடைத்தல், என்று பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டில் அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் இதற்கென்றே ஒரு வண்டிச் சட்டத்தை வடிவமைத்துச் செய்தார். மலைவண்டிகளுக்கான முன் அதிர்வுதாங்கி பரவலாகச் சந்தைக்கு வந்தது 1980-களின் இறுதியிலேதான். 1996-இல் அட்லாண்டாவில் இது ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆகிவிட்டது. எங்கள் எண்பது மில்லிமீட்டர் சுருள்வில்லைக் கண்டால் ரீபேக் இளைஞர்கள் அதை ஆடம்பரம் என்றிருப்பார்கள்.

சென்ற ஆண்டு ஆடியில் நிலைமை மாறியது. இயற்பியல் நண்பருக்கு முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் வலி தோன்றியது. ஐம்பதை நெருங்குபவர்களுக்கு வருவதுதான் என்றாலும், அதிர்வைக் குறைத்துக்கொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். வண்டியை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. வேறு வண்டியைப் பாருங்கள் என்றார். அவருக்கும் எங்களுள் தமிழ் கற்பிப்பவருக்கும் கல்லூரி ஊதியம் இருக்கிறது. சிரமப்பட்டால் தவணையில் வாங்கிவிடலாம். ஓவிய ஆசிரியரால் இயலாது. அவருடைய பத்துமாத ஊதியத்துக்கு நிகரான விலை அது. வாங்கிக் கொடுக்கிறோம் என்று சொல்லக்கூடிய நட்புதான் எங்களுடையது. ஆயினும் அச்சொல்லை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வேறொன்றாக மாறிவிடும் என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது. இருவர் விரைந்து இறங்கிக் கீழே காத்திருக்க, ஒருவர் பின்னால் தட்டுத் தடுமாறி வருவது என்றாலும் அதே கதிதான்.

இந்நிலையில், எங்கள் கல்லூரியில் பயின்று இப்போது பெங்களூரில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் தம்முடைய இருபுற அதிர்வுதாங்கி வண்டியோடு விடுமுறைக்கு வந்தார். இயற்பியல் நண்பர் ஓட்டிப் பார்க்கட்டும் என்பதே நோக்கம். மூவரும் முறைவைத்து அச்சரிவில் ஓட்டினோம். வியப்பு என்ற சொல் போதாது. தாசில்தாரின் மேலேயே ஏறிச் சென்றது வண்டி. அவர் இருந்த உணர்வே இல்லை. மூன்று தம்பிகளும் ஒரு சிறு அலைபோல் காலடியில் கடந்து போயினர். பெயர் வைத்துப் பழகிய கற்களெல்லாம் ஒரே நாளில் பெயரற்றுப் போயின. நண்பர் கீழே வந்து நின்று, முதுகை நிமிர்த்தி, இரண்டு மாதத்தில் முதன்முறையாக வலியின்றி இறங்கியதாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு விலையைப் பற்றிப் பேச எங்களுக்கு நா எழவில்லை.

இறுதியாக வண்டிக்குரிய இளைஞர் இறங்கினார். அவர் தேர்ந்த ஓட்டுநர். முந்நூறு மீட்டரையும் நாற்பத்தைந்து நொடியில் முடித்தார். உண்ணிச்செடி வளைவில், தலையில் விறகுச் சுமையோடு ஒரு மூதாட்டி மேலேறி வந்துகொண்டிருந்தார். டயர் சரளையை அரைக்கும் ஓசை கேட்டு அவர் முன்னதாகவே புதருக்குள் ஒதுங்கி, சுமையை ஒரு கையால் பற்றியபடி நின்றிருக்கிறார். இளைஞர் அவரைக் கடந்த பிறகே கண்டு, வண்டியை நிறுத்தித் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். மூதாட்டி சினம் கொள்ளவில்லை. வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இவ்ளோ பெரிய வண்டியில ஒரு மணி இல்லியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சேலையில் ஒட்டிய முள்ளை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலை இயற்பியல் நண்பர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நாற்பத்தைந்து நொடியில் இறங்கினால் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். கண்டவுடன் பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகுமென்று கொண்டால், சரளையில் முழுதும் நிற்பதற்கு ஏறத்தாழ 14 மீட்டர் தேவை. இரண்டு நிமிடத்தில் இறங்கும் ஹார்ட்டெயிலின் வேகம் 9 கிலோமீட்டர்; அது மூன்றரை மீட்டரில் நின்றுவிடும். வளைவில் கண்ணுக்குத் தெரியும் தூரமோ பத்து மீட்டர். இவ்வளவு நாளும் அவ்வளைவில் எதிரே ஆள் வந்தால் இறங்கி ஒதுங்கியவர்கள் நாங்களாக இருந்தோம். அது எங்கள் பண்பு என்று நினைத்திருந்தோம். கணக்கைப் பார்த்தால், அதில் பெரும்பங்கு எங்கள் வண்டியின் இயலாமைக்கு உரியது. தாசில்தாரும் தம்பிகளும் எங்களைத் தடுத்துத் தடுத்து, அவ்வளவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

நல்ல வண்டியிலும் மெதுவாக இறங்கலாமே என்பது சரியான மறுப்பு. இளைஞரே அதைச் சொன்னார். தமக்குரிய இடம் இதுவன்று, இதற்கென்றே அமைத்து, ஒருவழியாக மட்டும் இறங்கும் தடங்கள் வேறு நாடுகளில் இருக்கின்றன, அங்கே இவ்வண்டியை அதன் முழு ஆற்றலோடு ஓட்டலாம் என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டோம். ஆனால் வேகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒவ்வொரு முறையும் அதை மறுத்துக்கொண்டிருக்க எங்களால் இயலுமா என்பதில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அன்று மூன்று முறை இறங்கியபோதே ஒவ்வொரு முறையும் முன்னதைவிட விரைவாகத்தான் இறங்கினோம். யாரும் அவ்வாறு முடிவு செய்து இறங்கவில்லை.

முதுகு வலியோ வாதத்துக்குக் கட்டுப்படுவதன்று. இப்போதைக்கு ஓர் இடைக்கால ஏற்பாடு செய்திருக்கிறோம். நண்பரின் வண்டியில் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு அகன்ற டயர் மாட்டியாயிற்று. காற்றும் இன்னும் சற்றுக் குறைத்தாயிற்று. சீட்டுக்கடியில் ஒரு சிறு வில் பொருந்திய தண்டும் வந்திருக்கிறது. மூன்று தம்பிகளிடத்தில் மட்டுமல்லாமல் தாசில்தாரிடமும் அவர் இறங்கிவிடுகிறார். அவரோடு நாங்களும் இறங்குகிறோம். முந்நூறு மீட்டரில் ஏறத்தாழ எண்பது மீட்டர் இப்போது நடைதான். நடக்கும்போது பேச முடிகிறது என்பது ஒரு புது வசதி.

மூதாட்டியின் கேள்விக்கும் விடை கண்டோம். சைக்கிள் கடையில் மூன்று பித்தளை மணிகள் வாங்கி மாட்டினோம். நான்காவதொன்றைப் பெங்களூருக்கு அனுப்பினோம். ஹார்ட்டெயிலில் அதை அடிக்கவே வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் தானே கிணுங்குகிறது. கொல்லையில் இருப்பவர்கள், தொலைவில் கேட்கும்போது மாடு இறங்கி வருவதுபோல் இருப்பதாகச் சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வளைவுக்கு முன்பே நின்று, மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நண்பரின் முதுகு இந்த ஏற்பாட்டை ஏற்குமா என்பது வரும் தைக்குள் தெரிந்துவிடும். ஏற்காவிட்டால் அவர் அந்த வண்டியை வாங்கத்தான் வேண்டும். வாங்கச் சொல்லி முதலில் வற்புறுத்துபவர் ஓவிய ஆசிரியரே. அப்படி வாங்கினால், இறக்கத்தில் ஹார்ட்டெயில்கள் இரண்டும் முன்னே செல்ல அவர் கடைசியாக வரவேண்டும் என்பது மட்டும் இப்போதே பேசி முடிவாகியிருக்கிறது.